கொடுக்க இயலாததை வாக்களித்தல்: ஓர் ஒழுக்கவியல் நோக்கு

வாக்களித்தல் பற்றிய ஆராய்ச்சி ஒழுக்கவியலிற் பழையது. திருப்பிக் கொடுக்க இயலாதென அறிந்தும் கொடுப்பதாக உறுதி கூறிக் கடன் பெறுபவனை, 1785இல் வெளிவந்த தமது நூலிலே கான்ற் எடுத்துக்காட்டினார். எல்லோரும் அவ்வாறு செய்யத் தலைப்படின் வாக்குறுதி என்பதே பொருளிழந்துவிடும் என்பது அவர் வாதம். வள்ளுவரோ வாய்மையைத் தீங்கின்மையோடு பிணைத்தார். விரிவுரை மண்டபத்திற் கேட்ட இவ்விரு நோக்குகளையும் ஒரு கணினியை முன்னிட்டு நான் மீண்டும் எண்ண நேர்ந்தது.

சென்ற ஆண்டு என் தங்கை கற்கைநெறியொன்றுக்கு இணையவழியாக விண்ணப்பித்தாள். அன்று இறுதி நாள். மாலை 4 மணிவரை விண்ணப்பத்தை அலுவலகத்தில் நேரிற் கையளிக்கவும் இடமிருந்தது. படிவத்தை நிரப்பியதும் "ஏற்கப்படுகிறது, காத்திருக்க" என்ற வாசகம் தோன்றியது. காத்திருந்தோம். பின்னர் திரை வெறுமையாயிற்று. நள்ளிரவுவரை அத்தளம் மீளவில்லை. "இடமில்லையென்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றாள் அவள். அவ்வினாவை விஞ்ஞானபீட நண்பரொருவரிடம் கொண்டு சென்றேன். பெருந் தரவுத்தளத்தைச் சிறிய நினைவகத்துடன் நடத்துவோர்க்கு இத்தகைய வீழ்ச்சி எவ்வாறு நேரக்கூடும் என்பதை அவர் விளக்கினார்.

தரவுத்தளம் வன்தட்டில் எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம். வினவலுக்கு வேண்டிய பகுதிகளே நினைவகத்துக்கு வருகின்றன. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளின் இயல்பான அமைப்பில் 100 தொடர்புகளுக்கு இடமுண்டு. வரிசைப்படுத்தல் ஒவ்வொன்றும் 4 மெகாபைற்வரை எடுக்கலாம். விரைவு வேண்டி அந்த 4ஐ ஒருவர் 64 ஆக்குகிறார் எனக் கொள்வோம். நூறு பேரும் ஒருங்கே வரின் 6400 மெகாபைற் தேவைப்படலாம். பொறியில் இருப்பதோ 4 கிகாபைற்.

இங்கேதான் வாக்குறுதி நுழைகின்றது. லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை, நினைவகங் கேட்கும் நிரலுக்குப் பெரும்பாலும் "தந்தேன்" என்றே விடையிறுக்கும். உண்மையான இடம் ஒதுக்கப்படுவது, நிரல் அதிலே எழுத முற்படும்போதுதான். கேட்டவரெல்லாம் கேட்டது முழுவதையும் பயன்படுத்தார் என்பது அதன் துணிபு. அத்துணிபு பொய்த்தால் முறைமை ஏதேனுமொரு செயல்முறையைக் கொன்று இடந்தேடும். மிகுதியான நினைவகத்தை வைத்திருப்பதே பெரும்பாலும் பலியாகும். தரவுத்தளத்துக்கென நிறுவிய பொறியில் அது தரவுத்தளமாகவே இருத்தல் இயல்பு. போஸ்ட்கிரெஸின் ஒரு கிளைச் செயல்முறை இவ்வாறு கொல்லப்பட்டாலும் ஏனைய தொடர்புகள் அனைத்தும் அறுக்கப்பட்டு மீட்பு நடைபெறும். உறுதிசெய்யப்பட்ட பதிவுகள் தப்பும். பாதியில் நின்றவை தப்பா.

லினக்ஸைக் கான்றின் கடனாளியோடு ஒப்பிடலாமா? முழுதும் பொருந்தாது. அக்கடனாளி தன்னால் இயலாதென்பதை அறிவான். லினக்ஸோ பெரும்பாலும் இயலும் என்று நம்புகின்றது. அந்நம்பிக்கை பெரும்பாலும் வீண்போவதுமில்லை. ரெடிஸ் என்னும் தரவுத்தளம் தரவு முழுவதையும் நினைவகத்திலேயே வைத்திருப்பது. அதனை வன்தட்டிற் சேமிக்கத் தன்னைப் போலவே ஒரு கிளைச் செயல்முறையை அது தோற்றுவிக்கும். தரவு 3 கிகாபைற் ஆயின், கணக்கின்படி மேலும் 3 கிகாபைற் வேண்டும். உண்மையில் இடையில் மாறும் பக்கங்கள் மட்டுமே படியெடுக்கப்படும். கண்டிப்பான கணக்கு இங்கே நடக்கக்கூடியதையும் மறுத்துவிடும். ஆகவே ரெடிஸ் தாராளமாக வாக்களிக்கும் அமைப்பையும், போஸ்ட்கிரெஸ் கண்டிப்பான அமைப்பையும் தத்தம் ஆவணங்களிற் பரிந்துரைக்கின்றன. கண்டிப்பின் இயல்பான அளவு நினைவகத்தின் பாதியே. 4 கிகாபைற்றும் மாற்றிடமின்மையும் உள்ள பொறியில் 2 கிகாபைற்றுக்கு மேல் வாக்களிக்கப்படாது. சிறிய பொறியையே வாங்க இயன்றவர்க்கு இஃது எளிய இழப்பன்று.

எனினும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது மறுப்பு வந்துசேரும் வேளையாகும். கேட்கும்போதே மறுத்தால் போஸ்ட்கிரெஸ் அந்த ஒரு வினவலைப் பிழையெனக் கூறி நிறுத்தும், மற்றவை தொடரும். மறுக்கப்பட்டவர் வேறு வழி தேடலாம். தந்ததாகக் கூறிப் பின்னர் கொல்லுமிடத்து அந்த வாய்ப்பும் பறிபோகின்றது. கேட்காத அயலாரும் அதனால் வீழ்கின்றனர். பொய் கூறும் எண்ணம் எவர்க்கும் இல்லாதவிடத்தும் தீங்கு விளைந்துவிடுகின்றது. இவ்விடயத்தில் நான் கான்றைவிட வள்ளுவரையே சார்கிறேன்.

1965இல் டெய்க்ஸ்ரா வகுத்த "வங்கியாளர் வழிமுறை" இத்தகைய இக்கட்டைத் தவிர்க்க முயன்றது. ஒவ்வொருவரும் தமது உச்சத் தேவையை முன்னரே கூறவேண்டும். எல்லோரும் தம் வேலையை முடிக்க வழியிருந்தாலன்றி வங்கியாளர் கொடார். ஆனால் எத்தனை பேர் வருவர், எவ்வளவு கேட்பர் என்பதை இறுதி நாளொன்றிலே யார் முன்னரே கூறுவது?

நண்பர் கூறிய வழி எளியது. தொடர்புகளை 40ஆகக் குறைத்தால், ஒருவர்க்கு ஒரு வரிசைப்படுத்தல் என்ற கணக்கில் 2560 மெகாபைற் போதும். ஏனைய அறுபது பேருக்கும் "இப்பொழுது இடமில்லை" என்று சொல்லிவிடலாம். இதனைத் தங்கையிடம் கூறினேன். அடுத்த ஆண்டுக்கான படிவத்தை அவள் நிரப்பிக்கொண்டிருந்தாள். "அந்த அறுபதில் ஒருத்தியாக இருந்திருந்தால், நாலு மணிக்கு முன்னர் கையிலே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன், அண்ணா" என்றாள்.