யார் செய்த வினை?

மருத்துவமனைப் பாக்டீரியாக்களிடையே மருந்தெதிர்ப்பு மரபணுக்கள் பரவுவது மருத்துவத்தின் சிக்கலாகவே பேசப்படுகிறது; ஆயினும், தீங்கு நினையாதவன் செய்த செயலால் பிறர்க்குத் தீங்கு விளைந்தால் அது அவன் வினையாகுமா என்று இந்தியச் சமயங்கள் நெடுங்காலம் வாதிட்ட கேள்வியும் அதனுள் இருக்கிறது. பௌத்தம் வினையின் வேரை எண்ணத்தில் கண்டது. சமணம் அவ்வளவில் நிற்கவில்லை. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், அசட்டையான செயலால் உயிருக்கு ஊறு விளைப்பதையே இம்சை என வரையறுக்கிறது.

பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-இல் தம் நோபல் உரையில் இதே இடத்தைத் தொட்டார். தொண்டைவலிக்குக் குறைந்த அளவில் பெனிசிலின் உட்கொண்டு, அதனால் மருந்துக்குப் பழகிவிட்ட கிருமியை மனைவிக்குத் தொற்றவைத்து, அவள் இறக்கக் காரணமாகும் ஒரு கணவனைக் கற்பனையாகக் காட்டி, அச்சாவுக்கு அவனுடைய அசட்டையே பொறுப்பு என்றார்.

பிளெமிங்கால் ஒருவனைச் சுட்ட முடிந்தது. இன்றைய மருத்துவமனையில் அது அரிது. புது தில்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒரு நோயாளியின் சிறுநீரில் இருந்த கிளெப்சியெல்லா என்னும் பாக்டீரியாவில், கடைசிப் புகலிடமாக வைத்திருக்கும் கார்பபீனம் மருந்துகளையும் சிதைக்கும் நொதியை உண்டாக்கும் என்.டி.எம்-1 மரபணு இருந்தது 2009-இல் வெளியிடப்பட்டது. அதே நோயாளியின் மலத்தில் இருந்த, முற்றிலும் வேறு இனமான ஈ.கோலையிலும் அது காணப்பட்டது. இத்தகைய மரபணுக்கள் பிளாஸ்மிட் எனப்படும் தனித்த டி.என்.ஏ. வளையத்தில் அமர்ந்து, ஒன்றையொன்று தொடும் பாக்டீரியாக்களிடையே தாய்–சேய் உறவின்றியே கைமாறுகின்றன. தேவையற்றுத் தரப்படும் ஒவ்வொரு மருந்தும் எதிர்ப்பற்றவற்றைக் கொன்று, எதிர்ப்புள்ளவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. எனவே எங்கோ எழுதப்பட்ட மருந்துச்சீட்டின் பயன், பிறந்து சில நாளே ஆன குழந்தையின் குருதித் தொற்றாக வந்து நிற்கலாம். இடையிலுள்ள கண்ணிகளை எவராலும் எண்ணிச் சொல்ல இயலாது.

அது அக்குழந்தையின் ஊழ் என்று சொல்லிக் கடந்துவிடுவது சைவ சித்தாந்தத்துக்கே ஒவ்வாது. துன்புறுபவர் நுகர்வது பிராரத்தம், அதாவது முன்வினையின் பயன் என்று கொண்டாலும், துன்பத்துக்குக் காரணமானவரிடம் ஆகாமியம் எனப்படும் புதுவினை சேர்கிறது என்றே அது கூறும். ஆனால் பாதிக்கப்பட்டவர் யாரென்றே தெரியாதபோதும் செய்தவரின் பொறுப்பைத் தெளிவாக நிறுத்துவது சமணத்தின் அளவுகோலே. ஏனெனில் அது பயனைப் பின்தொடர்ந்து செல்லாமல், செயல் நிகழும் கணத்தில் விழிப்பு இருந்ததா என்று கேட்கிறது. வைரஸால் வந்த சளிக்காய்ச்சல் என்று அறிந்தும் நுண்ணுயிர்க்கொல்லி எழுதுவதும், ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குக் கை கழுவாமல் செல்வதும் அக்கேள்வியில் தப்புவதில்லை.

குருதியில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் ஆய்வகமே இல்லாத ஊரில், மூச்சுத் திணறும் நோயாளிக்கு ஊகித்து மருந்து தரும் மருத்துவரை அசட்டையானவர் எனல் தகாது. அங்கே விழிப்புத் தவறியவர்கள், அந்த ஊருக்கு ஆய்வகம் தேவையென்று அறிந்தும் அமைக்காமல் விட்டவர்களே.