மெஷின் யாருடையதோ, கத்திரி உன்னுடையது!

என் பெரியம்மா இருபது வருஷத்துக்கு மேல் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்தவர். இருட்டு விலகுமுன் கம்பெனி பஸ் வந்துவிடும். டிபன் பையில் சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு துணிச் சுருள் இருக்கும். பிரித்தால் ஒரு சின்னக் கத்திரிக்கோல். தையல் மெஷின் கம்பெனியுடையது. தோல், நூல், நாற்காலி, தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேன், எல்லாம் கம்பெனியுடையது. நூல் வெட்டுகிற அந்தக் கத்திரி மட்டும் அவருடையது. பள்ளிக்கூடத்துக்கு அட்டை வெட்டுவதற்காக ஒருநாள் அதை எடுத்துவிட்டேன். முதுகில் விழுந்த அடி இன்னும் நினைவிருக்கிறது. "எந்த லைன்ல கொண்டுபோய் உட்கார வெச்சாலும் இது கையில இருந்தா நான் வேலை செஞ்சிடுவேன்டா. இதைப் போய் அட்டை வெட்ட எடுக்கிறியே!" என்றார்.

சமீபத்தில் கலவை பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தபோது பெரியம்மாவின் கத்திரி ஞாபகத்துக்கு வந்தது. தினமும் வாலாஜாவுக்குக் கல்லூரிக்குப் போய்வருகிறவள். "கம்ப்யூட்டர்ல நல்லா வரணும்னு ஆசைதான்ண்ணா. ஆனா வீட்ல இருக்கிறது அக்காவுக்குக் கொடுத்த கவர்மென்ட் லேப்டாப். அது செத்துப்போச்சு. மல்லாட்டை வித்த காசு கடனுக்கே போயிடுச்சு. புதுசு வேணும்னு நைனாகிட்ட எந்த முகத்தோட கேக்கறது?" என்றாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். அவளிடம் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளைப் போல ஆரணியிலும் ஆற்காட்டிலும் பேரணாம்பட்டிலும் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு தம்பிக்கும் தங்கச்சிக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்த லேப்டாப் சாகவில்லையம்மா!

வீட்டில் கேஸ் தீர்ந்துபோனால் அடுப்பைத் தூக்கித் தெருவில் போடுவோமா? உன் லேப்டாப்பில் போனது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்காக இருக்கும், அல்லது அதில் இருந்த விண்டோஸாக இருக்கும். திரை, கீபோர்டு, பிராசஸர், ராம் எல்லாம் உயிரோடு இருக்கலாம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றியே எடுத்துவிட்டாலும் அந்தப் பெட்டி ஓடும். தேவை ஒரு பென்டிரைவ். அதற்குள் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற முழு இயங்குதளத்தை ஏற்றி, யுஎஸ்பி துளையில் செருகி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். எழுத, கணக்குப் போட, இணையம் பார்க்க, பைத்தான் நிரல்மொழி படிக்க, தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்ய, எல்லாம் அந்தச் சுண்டுவிரல் நீளத் துண்டுக்குள். மென்பொருளுக்குக் காசு கிடையாது. பென்டிரைவுக்கு ஆகிற செலவு, ஆம்பூரில் குடும்பத்தோடு உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டு எழுந்தால் ஆகிற செலவுக்குள் அடங்கும்.

அதுதான் உன் கத்திரி. இனி எந்த மெஷினில் கொண்டுபோய் உட்கார வைத்தாலும் உன்னால் வேலை செய்ய முடியும்.

எனக்கு இது புத்தகத்தில் படித்து வந்த ஞானமில்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ் என்பது நம் சென்னையில், சி-டாக் நிறுவனத்தில், டெபியன் என்ற லினக்ஸை அடித்தளமாக வைத்து உருவாக்கிய இயங்குதளம். 2007இல் வெளிவந்தது. தமிழ் உள்பட இந்திய மொழிகளுக்காகவே பாடுபட்டுச் செய்தது. எங்கள் வீட்டுக்கு அந்த லேப்டாப் வந்ததும் நான் செய்த முதல் காரியம், படம் வைக்க இடம் வேண்டும் என்று பாஸை அழித்ததுதான். நம் ஊரிலேயே செய்து நம் கையில் வைத்த பொருளை என்னவென்று திறந்துகூடப் பார்க்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு சுடுகிறது.

மூன்றாம் வருஷம் விண்டோஸ் படுத்துவிட்டது. கறுப்புத் திரை, ஒரு ஓரத்தில் கண்சிமிட்டும் கோடு. உள்ளே தங்கையின் ப்ராஜக்ட், சான்றிதழ் ஸ்கேன்கள், தாத்தாவின் கடைசி போட்டோக்கள். கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "ஃபார்மேட் பண்ணணும், டேட்டா எல்லாம் போயிடும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிரவு நண்பன் ஒருவன் பென்டிரைவோடு வந்தான். பவர் பட்டனை அழுத்தியதும் எஃப்12ஐ டக் டக்கென்று தட்டினான். ஒரு பட்டியல் வந்தது. யுஎஸ்பி என்றிருந்த வரியைத் தேர்ந்தெடுத்தான். வெள்ளை எழுத்து வரிகள் மழைபோல் ஓடின. பிறகு ஒரு டெஸ்க்டாப்! டேட்டா போய்விடும் என்று கடையில் திருப்பிக் கொடுத்த அதே லேப்டாப்பில். ஒரு ஃபோல்டரைத் திறந்தான், பழைய ஹார்ட் டிஸ்க் முழுவதும் கண்முன்னால் விரிந்தது. தாத்தா வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். விடியும்வரை ஒவ்வொன்றாகக் காப்பி எடுத்தோம்.

அன்றிரவு ஒன்று உறைத்தது. கடைக்காரருக்கும் எனக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் பணமில்லை, படிப்பில்லை. வெளியிலிருந்து தொடங்க ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தவன் என் பக்கத்தில் இருந்தான், அவ்வளவுதான்.

இப்போது நம்மை உண்மையில் உட்கார வைத்திருக்கிற எதிரியைப் பற்றிப் பேசுவோம். அது பயம். பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டர் ரூமை நினைத்துப் பார். செருப்பை வெளியே விட வேண்டும். கணினிக்குத் துணி போர்த்தியிருக்கும். ஒரு சிஸ்டத்துக்கு ஐந்து பேர். ஒருவன் மவுஸைப் பிடிப்பான், நால்வர் கைகட்டி நிற்போம். "தொடாதே, கெட்டுப்போனா யார் காசு கொடுக்கிறது?" அந்தக் குரல் இன்னும் உன் காதில் கேட்கிறது இல்லையா? முப்பது வயதிலும் ஒரு புது பட்டனை அழுத்துமுன் விரல் தயங்குகிறதே, அந்தக் குரல்தான் காரணம்!

பென்டிரைவ் லினக்ஸ் அந்தக் குரலை அடக்குகிறது. எப்படி என்று சொல்கிறேன், இதைப் புரிந்துகொண்டால் உனக்குப் பாதி பயம் போய்விடும். பென்டிரைவில் இயங்குதளம் முழுவதும் சுருக்கிய ஒரே கோப்பாக, முத்திரை வைத்ததுபோல் இருக்கிறது. படிக்கலாம், மாற்ற முடியாது. அந்த இயங்குதளத்தில் நீ செய்கிற மாற்றமெல்லாம் ராம் நினைவகத்தில் மட்டும்தான் எழுதப்படுகிறது. கரண்ட் நின்றால் ராம் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஆகவே நீ எதை வேண்டுமானாலும் நோண்டலாம். தவறான கமாண்ட் கொடு. சிஸ்டம் ஃபைலை அழித்துப் பார். உறைந்து நிற்கட்டும்! பவரை அணைத்துப் போடு, புத்தம் புதிதாய் மறுபடி எழுந்து நிற்கும். சிலேட்டில் எழுதி, எச்சில் தொட்டு அழித்து, மறுபடி எழுதித்தானே நாம் 'அ' போடக் கற்றோம்? நம்மில் யாராவது சிலேட்டில் தப்பாக எழுதியதற்கு அபராதம் கட்டினோமா?

நிலைத்து நிற்க வேண்டியதை எழுதவும் இடமுண்டு. பெர்சிஸ்டன்ஸ் என்று ஒரு பகுதியை அதே பென்டிரைவில் ஒதுக்கினால், உன் கோப்புகளும் நீ போட்ட மென்பொருள்களும் அடுத்த முறையும் அப்படியே இருக்கும். சிலேட்டும் நோட்டும் ஒரே பையில்.

"பழைய மெஷின்ண்ணா, 2 ஜிபி ராம்தான்" என்பாய். பழையது என்று ஒதுக்கப்படுவது உன் பெட்டி மட்டுமில்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினியை ஏற்பதில்லை. நல்ல நிலையில் இருக்கிற எத்தனையோ பெட்டிகளைக் காயலான் கடைக்குத் துரத்துகிற காலம் இது. துரத்தட்டும், நீ பொறுக்கிக்கொள்! ஆஸ்திரேலியாவில் பேரி காலர் என்பவர் 2003இல் பப்பி லினக்ஸை வெளியிட்டார். சில நூறு எம்பி அளவுதான், ராமில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஓடும். ஆன்டிஎக்ஸ் என்ற மற்றொன்று பழைய கணினிகளுக்கென்றே செய்யப்பட்டது. உன் 2 ஜிபி அவற்றுக்குத் தாராளம்.

"சின்ன ஊர்" என்பாய். "எனக்கு என்ன வயசு" என்பாய். 1907இல் இதே கலவையில்தான் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் துறவு பூண்டு காஞ்சி மடத்தின் பொறுப்பை ஏற்றான். சந்திரசேகரேந்திர சரஸ்வதி என்று நாடே பின்னால் அறிந்த பெயர் அது. 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ், பின்னால் லினக்ஸ் என்றான தன் இயங்குதளத்தை அறிவித்தபோது அவருக்கு வயது 21. பொழுதுபோக்குக்காகச் செய்வதாகத்தான் எழுதினார். 2017 நவம்பரிலிருந்து, உலகின் 500 அதிவேக சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியல் முழுவதும் லினக்ஸ்தான். உன் பாக்கெட்டில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனின் கருவும் அதுதான். அந்தப் பட்டியலின் முதல் மெஷினும் கலவையில் உன் பரணில் கிடக்கிற லேப்டாப்பும் ஒரே குடும்பத்து இயங்குதளத்தில் ஓட முடியும். இதை நினைத்தால் உனக்கு நெஞ்சு நிமிர வேண்டாமா?

ஜெர்மனியில் கிளாஸ் நாப்பர் 2000இல் ஒரு காரியம் செய்தார். போகிற இடமெல்லாம் தன் கணினி தன்னோடு வர வேண்டும் என்று, 700 எம்பி சிடி ஒன்றில் ஏறக்குறைய 2 ஜிபி மென்பொருளைச் சுருக்கி அடைத்து நாப்பிக்ஸ் என்று வெளியிட்டார். செருகினால் ஓடும், எடுத்தால் சுவடில்லை. இன்று பென்டிரைவில் நாம் செய்வதெல்லாம் அவர் பரவலாக்கிய அந்த வழியில்தான். எட்வர்டு ஸ்னோடன் 2013இல் உலகத்தையே உலுக்கிய ரகசியங்களைப் பத்திரிகையாளர்களிடம் சேர்த்தபோது நம்பியது டெய்ல்ஸ் என்ற லினக்ஸை. அதுவும் இதே முறையில் ஓடுவதுதான்.

கற்றுக்கொடுக்க ஆளில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. 2012இலிருந்து கணியம் இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே எழுதி வருகிறது. எளிய தமிழில் லினக்ஸைச் சொல்லித்தரும் மின்னூல்களை இலவசமாகவே தருகிறது. விழுப்புரத்தில் இளைஞர்கள் சேர்ந்து ஒரு குனு/லினக்ஸ் பயனர் குழு நடத்துகிறார்கள், மாணவர்களுக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறார்கள். விழுப்புரத்தில் முடிவது ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் ஏன் முடியாது? கூடிப்பேச ஒரு திண்ணையும் பத்து பென்டிரைவும் போதும். இந்த மென்பொருளைப் பிரதி எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது திருட்டும் இல்லை, தருமமும் இல்லை. அதன் உரிமமே கொடுக்கலாம் என்கிறது!

இனி வேலை. நல்ல கடையில் 16 அல்லது 32 ஜிபி பென்டிரைவ் வாங்கு. 1 டிபி என்று மலிவாக விற்கிறவற்றில் போலி அதிகம், ஏமாறாதே. இயங்கும் கணினி ஒன்றை ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, நீ தேர்ந்தெடுத்த லினக்ஸின் ஐஎஸ்ஓ கோப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கு. அங்கேயே தந்திருக்கும் செக்சம் எண்ணோடு ஒப்பிட்டுச் சரிபார். ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு பென்டிரைவில் எழுது. வென்டாய் கொண்டும் செய்யலாம், அதில் பல ஐஎஸ்ஓக்களை ஒரே பென்டிரைவில் போட்டு வைக்கலாம். எழுதும்போது பென்டிரைவில் முன்பிருந்ததெல்லாம் அழியும், ஆகவே முதலில் காப்பி எடு. லெனோவோ, டெல் என்றால் எஃப்12. ஹெச்பி என்றால் எஸ்கேப் அழுத்திவிட்டு எஃப்9. ஏசரில் முதலில் எஃப்2 வழியாக பயாஸுக்குள் போய் எஃப்12 பட்டியலை இயக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இரண்டு விஷயத்தில் கட்டுப்பாடாக இரு. பிறர் கணினியில் சொந்தக்காரரிடம் கேட்காமல் செருகாதே. பெரியம்மா தன் கத்திரியை வைத்துக் கம்பெனித் தோலில் ஒரு துண்டுகூட வெட்டி எடுத்ததில்லை. இன்னொன்று, இன்ஸ்டால் என்ற ஐகானையும் டிஸ்க்கைப் பிரிக்கிற மென்பொருளையும் புரியாமல் தொடாதே. அவை உள்ளே இருக்கிற ஹார்ட் டிஸ்க்கையே மாற்றி எழுதும். அங்கே சிலேட்டு விதி செல்லாது. ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிற கோப்பை அழித்தாலும் அப்படித்தான். மற்ற எல்லாவற்றிலும் தைரியமாகக் கை வை.

பிரவுசிங் சென்டருக்குப் போய்வந்த பென்டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி, திறக்காமல் அழுதிருப்பாயே? அதே பென்டிரைவை லினக்ஸில் செருகிப் பார். மறைந்திருந்த ஃபோல்டர்களை ஃபைல் மேனேஜரிலேயே வெளியே கொண்டுவரலாம். அப்படி மாற்றிய வைரஸ் ஒரு மூலையில் செயலற்ற வெறும் கோப்பாகக் கிடக்கும். நீயே உன் விரலால் அதைத் தேர்ந்தெடுத்து டெலிட் செய். அந்த ஒரு நொடியில் உனக்குள் எழுகிறதே ஒரு நிமிர்வு, அதை அனுபவித்துப் பார்!

தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தானே இருப்பாய்? பரணில் ஏறு. அக்காவின் லேப்டாப்பைக் கீழே இறக்கு. தூசியைத் துடை. பேட்டரி போயிருக்கும், பரவாயில்லை, சார்ஜரைச் செருகியபடியே வை. பென்டிரைவை யுஎஸ்பி துளையில் அழுத்திச் செருகு. பவர் பட்டனை அழுத்து. திரையில் கம்பெனிப் பெயர் எழுந்ததும் எஃப்12ஐ விடாமல் தட்டு.