பேச்சு எதன் பொருட்டு?

"இந்த மொழியைப் படித்தால் சோறு கிடைக்குமா?" என்ற கேள்வி நம்மவர் வீடுகளில் சர்வசாதாரணமாக எழுகின்றது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் தகப்பனாரும் கேட்கின்றார். விவரம் தெரிந்தபின் பிள்ளையும் கேட்கின்றது. கேட்பது குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் வேண்டியதைக் கேட்டு வாங்குவதற்கே மொழி ஏற்பட்டது என்றோர் எண்ணம் அக்கேள்விக்குள் மறைந்து கிடக்கின்றது. அது சரிதானா என்று சற்றே ஆராய்வோம்.

கடை வைத்துப் பிழைக்கும் நம் போன்றோருக்கு இது பழகிய விஷயம். கல்லாவுக்கு முன் வருபவர் பொருளை விரலால் காட்டுவார். நாம் விலையைக் கால்குலேட்டரில் தட்டிக் காட்டுவோம். அவர் தலையை ஆட்டினால் வியாபாரம் முடிந்தது. மிஞ்சினால் 'பெராப்பா', 'மூரா' என்று சில மலாய்ச் சொற்கள் வேண்டும். இந்நாட்டுத் துறைமுகங்களில் பல இனத்தாரும் நெடுங்காலம் சந்தை மலாயிலேதான் கொடுக்கல் வாங்கல் நடத்தினர். சோற்றுக்கு வேண்டிய மொழி அவ்வளவே. கடன் கேட்டு வருபவரிடம் மட்டும் பேச்சு நீண்டுவிடும். அதன் காரணத்தைப் பிறகு பார்ப்போம்.

அப்படியானால் மிச்சச் சொற்களெல்லாம் எதற்கு? மத்திய அமெரிக்காவிலுள்ள நிகராகுவா நாட்டில் நடந்ததொன்று இதற்கு விடை சொல்லும்.

அந்நாட்டில் காது கேளாத பிள்ளைகள் முன்னாளில் பெரும்பாலும் வீட்டோடு தனித்துக் கிடந்தனர். பசி, தாகம், உறக்கம் ஆகியவற்றை வீட்டாரிடம் ஜாடையால் தெரிவித்தனர், வீட்டாரும் புரிந்துகொண்டனர். 1977-இல் தலைநகர் மனாகுவாவில் அவர்களுக்குப் பள்ளி வகுப்புகள் தொடங்கின. 1980-இல் தொழிற்பள்ளியொன்றும் வந்தது. 1983-க்குள் இரண்டிலுமாக 400 பேருக்குமேல் சேர்ந்துவிட்டனர். ஆசிரியர்கள் உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிய மொழி கற்கச் சொன்னார்கள். அது அதிகம் பலிக்கவில்லை. பிள்ளைகளோ பஸ்ஸிலும் விளையாட்டுத் திடலிலும் தத்தம் வீட்டு ஜாடைகளைக் கலந்து, எவரும் கற்பிக்காத ஒரு மொழியைக் கைகளாலேயே ஆக்கிவிட்டனர்! 1986-இல் அங்கே சென்ற ஜூடி கெகல் என்னும் அமெரிக்க மொழி ஆராய்ச்சியாளர் இதைக் கண்டு ஆராயத் தொடங்கினார். பின்னர் சேர்ந்த இளம் பிள்ளைகள், மூத்தவர்களிடம் கண்டதைவிட அம்மொழியைச் செம்மையாக்கினர்.

இனிச் சொல்வதுதான் நம்மைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. ஒருவன் ஒரு பொருளை ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போகின்றான். அவனறியாமல் இன்னொருவன் அதை இடம் மாற்றுகின்றான். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? வைத்த இடத்தில்தான். இதைப் படங்கள் மூலம் அவர்களிடம் கேட்டுப் பார்த்தனர். மூத்த தலைமுறையார், வளர்ந்த ஆட்களாயிருந்தும், பலர் தவறினர். இளையவர்கள் சரியாகச் சொன்னார்கள். மூத்தோர் பேச்சில் 'நினைக்கிறான்', 'அறியான்' என்பவற்றுக்கான சைகைகள் குறைவு. சுமார் இரண்டாண்டு கழித்து, இளையவர்களோடு பழகி அச்சைகைகள் கூடியபின், அவர்களும் தேறினர். இந்த ஆராய்ச்சியை ஜென்னி பையர்ஸ், ஆன் செங்காஸ் என்ற இருவரும் 2009-இல் வெளியிட்டனர்.

பசியைச் சொல்ல ஜாடை போதுமாயிருந்தது. பிறன் மனத்தில் இருப்பதை அறியத்தான் மொழி வேண்டியிருந்தது. கடன்காரரிடம் பேச்சு நீள்வதும் இதனாலேயே. அவர் தரப்போவது கல்லாவின்மேல் இல்லை; அடுத்த மாதத்தில் இருக்கின்றது. அதை விரலால் காட்ட முடியாது. அவர் நம்மை நம்பவைக்க வேண்டும், நாம் அவர் மனத்தை எடைபோட வேண்டும். பொய்க்கும் இதே வாசல்தான் என்பது வேறு விஷயம்.

பிள்ளைக்கு மலாயோ ஆங்கிலமோ முழுமையாக வந்துவிட்டால் அதன் அறிவு பட்டினி கிடக்காதே என்பீர்கள். உண்மை, மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் உம்மம்மாவுக்குத் தமிழ் ஒன்றே தெரியும். பேரனுக்கோ அதில் "சாப்டேன்", "வேணாம்", "காசு" என்ற அளவே தெரியும். கணவரை மௌத்தாகக் கொடுத்த நாளில் அவர் எதை நினைத்தார், கப்பலேறி வந்த காலத்தில் எதற்கு அஞ்சினார் என்று அவன் கேட்பதற்குச் சொல் இல்லை. கேட்டாலும் அவர் சொல்வது அவனுக்கு எட்டாது. அவர் தட்டைக் காட்டுகின்றார், அவன் தலையை ஆட்டுகின்றான்.

சோற்றைப் பற்றிக் கேட்ட தகப்பனாரும் அதே மேசையில்தான் அமர்ந்திருக்கின்றார். தாயார் சொல்வதை மகனுக்கு எடுத்துச் சொல்ல இன்னும் அவர் ஒருவர் இருக்கின்றார்.