ஐந்தொகையும் உலாவியும்

(காரைக்குடி. பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் சீடன், கோவில் மலருக்கான கட்டுரைகளைத் தட்டச்சு செய்து, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான குருவிடம் கொண்டுவந்திருக்கிறான்.)

சீடன்: ஐயா, எல்லாவற்றையும் வேர்டில் அடித்துவிட்டேன். நீங்கள் லிப்ரே ஆபிஸ்தான் வைத்திருப்பீர்கள், பக்கம் கொஞ்சம் கலைந்து தெரியலாம். இந்தப் பிடிவாதம் எதற்கு உங்களுக்கு?

குரு: என் பிடிவாதம் கிடக்கட்டும். உனக்கு வேர்டு ஏன் பிடிக்கிறது?

சீடன்: பழகிவிட்டது. குரோமும் அப்படித்தான். எனக்குப் பிடித்தது எனக்கு, உங்களுக்குப் பிடித்தது உங்களுக்கு. இதில் பேச என்ன இருக்கிறது?

குரு: பிடித்ததால் பழகினாயா, பழகியதால் பிடித்துப்போனதா?

சீடன்: பழகியதால்தான். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி அண்ணனுக்குக் கிடைத்தது. அதில் விண்டோஸ் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. திறந்ததும் எது வேண்டும் என்று கேட்கும். நாங்கள் ஒருநாளும் பாஸைத் தொட்டதில்லை.

குரு: ஏனப்பா?

சீடன்: பள்ளிக்கூட லேபில் விண்டோஸ், பிரவுசிங் சென்டரில் விண்டோஸ், டிடிபி கடையில் விண்டோஸ்.

குரு: ஆக, இரண்டையும் எதிரில் வைத்துக் கேட்டபோதும் நீ தேர்ந்தெடுக்கவில்லை. ஊர் உனக்கு முன்பே தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. குரோமாவது நீயாகத் தேடிப்போனதா? போன் வாங்கும்போதே உள்ளே உட்கார்ந்திருந்தது. ஆண்ட்ராய்டு போன்களில் தன் செயலிகளை மொத்தமாக ஏற்றித் தரவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது உள்ளிட்ட காரணங்களுக்காக, 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உன் பழக்கத்துக்கு வெளியே எவ்வளவு மதிப்பு இருக்கிறது பார்.

சீடன்: என் விருப்பம் என்னுடையதே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதனால் யாருக்கு என்ன நட்டம்?

குரு: உனக்கு ஒன்றுமில்லை. எதில் எழுதுகிறாய் என்பது உன் சொந்த விவகாரம். எழுதியதை எப்படிச் சேமித்து வைக்கிறாய் என்பதில் மட்டும், நாளைக்கு அதைத் திறக்கப் போகிறவனுக்கும் பங்கு இருக்கிறது. நம்மவர்கள் பர்மாவில் லேவாதேவி செய்த காலத்தை எடுத்துக்கொள். மூன்று வருடக் கணக்கு முடிந்ததும் ஒரு முகவர் ஊர் திரும்புவார், இன்னொருவர் கப்பலேறுவார். யார் எந்தப் பேனாவால் எழுதினாலும் ஐந்தொகை ஒரே முறையில்தான் வரும். இங்கே இருக்கிற முதலாளிக்கும் புரியும், புதிதாகப் போகிறவருக்கும் புரியும். பேனாவைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை.

சீடன்: நாம் அப்படியா கெட்டுப்போயிருக்கிறோம்?

குரு: இந்தக் கோவிலின் பழைய மலர் குறுந்தகட்டில் இருக்கிறது, திறந்து பார். ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அது தமிழே இல்லை. அப்போது விற்பனைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு குறியேற்றம். 1999இல் அரசு டாம், டாப் என்று ஒழுங்குசெய்யப் பார்த்தது. 2010இல்தான் ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் ஆளுக்கொரு விதமாக அடித்து வைத்ததை மாற்றி முடிக்க இன்னும் எத்தனை பேர் உட்காரவேண்டுமோ!

சீடன்: என் கோப்பு ஒருங்குறிதான் ஐயா. வேர்டு சேமிக்கும் டாக்ஸ் எக்ஸ் வடிவமும் ஐஎஸ்ஓ தரம்தானே?

குரு: 2008இல் ஆனது. இந்தியா எதிர்த்து வாக்களித்தது, இருந்தும் நிறைவேறியது. லிப்ரே ஆபிஸ் பயன்படுத்தும் ஓடிஎஃப் அதற்கு இரண்டு வருடம் முன்பே தரமாகிவிட்டது. டாக்ஸ் எக்ஸ் ஒன்றும் பூட்டிய பெட்டி இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நீ சொன்னாயே, பக்கம் கலையும் என்று. அந்தக் கலைதல் எங்கிருந்து வருகிறது என்று யோசி.

சீடன்: அப்படியே உங்கள் வாதத்தை உலாவிக்குக் கொண்டுபோகிறேன். எட்ஜ் 2020இல் குரோமுக்கு அடிப்படையான குரோமியத்துக்கு மாறிவிட்டது. ஓப்பரா, பிரேவ், விவால்டி எல்லாம் அதே. நம் ஸோகோ 2023இல் கொண்டுவந்த ‘உலா’ உலாவியும் அதன் மேல்தான் நிற்கிறது. எல்லாருக்கும் ஒரே எந்திரம். ஐந்தொகை போல நல்லதுதானே?

குரு: நல்ல அடி! ஆனால் பார், ஐந்தொகை முறைக்கு எந்த ஒரு கடையும் சொந்தக்காரர் இல்லை. குரோமியத்தின் மூல நிரல் திறந்துதான் கிடக்கிறது, அது எந்தப் பக்கம் போகும் என்பதைப் பெரும்பாலும் ஒரு கடை தீர்மானிக்கிறது. நீட்சிகளுக்கான விதியைக் கூகுள் மாற்றியதும் விளம்பரம் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் குரோமில் வேலை செய்யாமல் போனதே, உன்னைக் கேட்டார்களா? பயர்பாக்ஸில் அது இன்றும் ஓடுகிறது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 வந்தது 2001இல். சந்தை முழுக்கக் கைக்கு வந்த பிறகு அடுத்த பதிப்புக்கு 2006 வரை மைக்ரோசாப்ட் அவசரப்படவில்லை. எதிரில் பயர்பாக்ஸ் வளர்ந்த பிறகே அசைந்தது. வலைப்பக்கத்தின் இலக்கணம் பொதுவாக இருக்கட்டும், அதைப் படிக்கிற எந்திரம் இரண்டு மூன்றாவது இருக்கவேண்டும்.

சீடன்: அந்தப் பயர்பாக்ஸே கூகுள் தரும் பணத்தில்தான் பெரும்பாலும் பிழைக்கிறது, ஐயா.

குரு: தெரியும். கறையில்லாத கருவி என்று எதையும் நான் சொல்லவில்லையே. தெரிந்துதான் வைத்திருக்கிறேன். நீயும் தெரிந்து குரோம் வைத்துக்கொண்டால், அதுவும் தேர்வுதான்.

சீடன்: அப்போது நான் லிப்ரே ஆபிஸுக்கு மாறவேண்டாமா?

குரு: எதற்கு? உன் விரலுக்கு வேர்டு வருகிறது, அதிலேயே அடி. அச்சுக்குப் பிடிஎஃப் கொடு, கோவில் அலுவலகத்தில் வைக்க ஓடிஎஃப் வகையான ஓடிடியாக ஒரு பிரதி எடு. அதற்குப் புதிதாக எதையும் நிறுவவேண்டாம், வேர்டே 2009 முதல் ஓடிடியில் சேமிக்கிறது.