இரண்டைச் சேர்த்தால் ஒன்று

குறைபட்ட ஒரு பொருளை விலைகொடுத்து வாங்குகிறவன் எதை வாங்குகிறான்? இருப்பதைத்தான் என்றால் அது காயலான் கடை வியாபாரம், எடைபோட்டால் தீர்ந்துவிடும். இல்லாததையும் சேர்த்து வாங்குகிறான் என்றால், இல்லாததற்கு விலை சொல்ல விற்கிறவனுக்கு என்ன பாத்யதை? சூளகிரியில், கொத்தமல்லி மண்டிக்குச் சற்றுத் தள்ளி ஒரு தகரக் கொட்டகையில் நிற்கும் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரை வாங்குவதா விடுவதா என்று இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே எனக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை.

அங்கே இருப்பவை: சேஸிஸ், துருவேறிய உடற்கூடு, மூன்று கதவுகள், 1970இல் முதல் பதிவான ஆர்.சி. புத்தகம். இல்லாதவை: என்ஜின், கியர் பாக்ஸ், ஒரு கதவு, இருக்கைகள், கண்ணாடிகள்.

இந்தக் காரின் பிறப்பே என் பிரச்னைக்கு வாகாக அமைந்திருக்கிறது. இத்தாலியரான மிக்கலாட்டி வரைந்த வடிவத்தில் 1959இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டாக வந்தது. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் தயாரானது. நான்கு கதவு ஹெரால்ட் இந்தியாவில் மட்டுமே உண்டானது. அந்தக் காலத்துக் கார்கள் பலவும் உடம்பையும் எலும்பையும் ஒன்றாக்கி வார்த்துக்கொண்டிருந்தபோது, ஹெரால்ட் மட்டும் தனிச் சேஸிஸின்மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு இணைத்த உடம்போடு வந்தது. தத்துவக் காரணம் ஒன்றும் இல்லை. முழு உடம்பையும் ஒரே இடத்தில் அடித்துத் தரும் ஆலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிக்கொண்டுவிட்டது. ஆகவே உடம்பைப் பல ஆலைகளில் பகுதிபகுதியாகச் செய்து சேர்க்கவேண்டி வந்தது. மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முதலை வாய்போல் முன்னோக்கித் திறக்கும். பிரிப்பதற்குத் தயாராகவே பிறந்த வண்டி.

மெக்கானிக் இதை என்னைவிட நன்றாக அறிந்தவர். அறுபதைத் தாண்டியவர், வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், பெங்களூர்ப் பார்ட்டிகளிடம் கன்னடம். ராயக்கோட்டைப் பக்கம் இன்னொரு ஹெரால்ட் நிற்கிறது, தள்ளினால் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் காகிதம் ஒன்றுகூட இல்லை, இரும்பு விலைக்கே கொடுத்துவிடுவார்கள் என்று அவர்தான் சொன்னார். "ரெண்டைச் சேத்தா ஒண்ணு வந்துரும் சார்."

நான் நின்றுபோனது இந்த வாக்கியத்தில்தான்.

மிலிந்தன் என்ற கிரேக்க அரசனிடம் நாகசேனர் கேட்டதை நினைத்துக்கொண்டேன். நீ தேரில் வந்தாய். ஏர்க்காலா தேர், அச்சா தேர், சக்கரமா தேர்? ஒவ்வொன்றுக்கும் இல்லை என்ற பதில். தேர் என்பது உறுப்புகளைச் சார்ந்து எழும் பெயர் மட்டுமே. ஆனால் அந்த விவாதம் நடந்தபோது எல்லா உறுப்புகளும் முற்றத்தில் பத்திரமாக நின்றிருக்கவேண்டும். நாகசேனருக்கு உறுப்புகள் இருந்தன, தேர்தான் இல்லை. சூளகிரியிலோ ஆர்.சி. புத்தகத்தில் தேர் இருக்கிறது, உறுப்புகள்தான் இல்லை. ராயக்கோட்டையில் உறுப்புகள் எல்லாம் இருக்கின்றன, பெயர் இல்லை.

சட்டத்துக்கு இதில் குழப்பம் கிடையாது. 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, அசல் வடிவில் பேணப்பட்டு, சேஸிஸ், உடற்கூடு, என்ஜின் இவற்றில் பெரிய மாறுதல் செய்யப்படாத வண்டிதான் விண்டேஜ். அசல் என்பதை வரையறுக்கச் சட்டமாவது துணிந்திருக்கிறது. நம் இலக்கிய விமர்சகர்களில் பலர் அந்த அளவுகூடத் துணிவதில்லை.

இலக்கியத்தில் குறையோடு வாழ நாம் பழகியிருக்கிறோம். பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. 1904இல் உ.வே.சா. பதிப்பித்தபோது எட்டுப் பத்துகள்தான். பெயரில் பத்து, கையில் எட்டு. அந்த இடைவெளி நூலின் நேர்மையின் ஒரு பகுதியாகிவிட்டது. ஆனால் கார் ஓடவேண்டும். என்ஜின் இல்லாத ஹெரால்ட், இரண்டு பத்து இல்லாத பதிற்றுப்பத்து ஆகாது. யாப்பே இல்லாத செய்யுள் என்று வேண்டுமானால் சொல்லலாம். இந்த ஒப்புமையை இதற்குமேல் நீட்ட எனக்கு விருப்பமில்லை. இதிலிருந்து எனக்கு வேண்டிய விஷயம் ஒன்றுதான்: பதிற்றுப்பத்தை நிரப்ப யாரும் இன்னொரு நூலைக் கிழிக்கவில்லை.

புனருத்தாரணம் என்று கௌரவமாகச் சொல்கிறோம். ராயக்கோட்டை வண்டியின் என்ஜினைக் கழற்றிச் சூளகிரி வண்டியில் ஏற்றினால் உலகத்தில் பள்ளம் ஒன்றும் தூர்ந்துவிடுவதில்லை. அது சில மைல் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். எப்படியும் அதை உடைக்கத்தானே போகிறார்கள் என்கிறார் ஒரு நண்பர். இருக்கலாம். ஆனால் இன்று அது முழுசாக நிற்கிறது, தள்ளினால் உறுமுகிறது. ஓடக்கூடியதைப் பிரித்து ஓடாததை ஓடவைப்பதற்கு நான் சொல்லக்கூடிய ஒரே காரணம், ஓடாததிடம் காகிதம் இருக்கிறது என்பது. காகிதம் உள்ளது வண்டி, இல்லாதது உதிரிபாகம். ஓசூரில் அசோக் லேலண்ட் 1980இல் வந்ததிலிருந்து கம்பெனிமேல் கம்பெனியாக எழும்பிய இந்த எல்லைப் பிரதேசத்தில், இந்தத் தர்க்கத்தைக் கார்களுக்கு மட்டும்தான் பிரயோகிக்கிறார்கள் என்று நான் நம்பத் தயாராக இல்லை. ஷிப்ட் பஸ்ஸில் ஏறும் நிரந்தரத் தொழிலாளிக்கும் காண்ட்ராக்ட்காரரின் வேனில் ஏறும் வடநாட்டுப் பையனுக்கும் வேலையில் பெரிய வித்யாசம் இல்லை. வித்யாசம் சட்டைப்பையில் இருக்கும் அட்டையில் இருக்கிறது.

இன்னொரு உறுத்தலும் உண்டு. வண்டி ஓட ஆரம்பித்தால் 'நான் மீட்டெடுத்தேன்' என்று சொல்லிக்கொள்ளப்போவது நான். கைகள் அவருடையவை. எனக்கு அது பொழுதுபோக்கு. அவருக்கோ மிச்சமிருக்கும் உழைப்பு வருஷங்களில் இரண்டு மூன்று. விலை பேசும்போது யாரும் இதைக் கணக்கில் எழுதுவதில்லை.

கடைசியில் அவரிடம் சொல்லிவிட்டேன்: சூளகிரி வண்டியை வாங்குகிறேன், ராயக்கோட்டை வண்டியைத் தொடவேண்டாம். ஏற்கெனவே கழன்று ஏதாவது பட்டறைப் பரணில் கிடக்கும் 948 சி.சி. என்ஜின் கிடைத்தால் பார்ப்போம், கிடைக்காவிட்டால் அப்படியே நிற்கட்டும். அவர் பீடியை அணைத்துவிட்டுச் சிரித்தார். "அப்படின்னா அதையும் வாங்கிப் பக்கத்துல நிறுத்திக்கோங்க சார். பேச்சுத் துணைக்கு ஆச்சு."

கொட்டகையில் ஒரு வண்டிக்குத்தான் இடம். ராயக்கோட்டைக்காரர் தீபாவளிவரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.