கரியைத் துடைத்தால் போதுமா?

வழியில் வண்டி நின்றுவிட்டால், என்ன காரணம் என்று பார்ப்பதற்கு முன் யாருடைய தவறு என்று கேட்பது மனித இயல்பு. வாழ்க்கைப் பயணத்திலும் பெரும்பாலோர் இதையே செய்கின்றனர். குற்றம் சாட்டுவதில் செலவாகும் நேரத்தில் பாதியைக் காரணத்தை ஆராய்வதில் செலவிட்டால், பல பயணங்கள் பாதியில் நின்றுபோகா.

அம்பாலாவைச் சேர்ந்த சகோதரர்கள் இருவர். தந்தையின் மறைவுக்குப் பின் வீட்டைப் பங்கிடுவதில் எழுந்த பிணக்கால் ஓராண்டாகப் பேச்சில்லை. தந்தை 1978-இல் வாங்கிய புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்று கொட்டகையில் தூசி படிந்து கிடந்தது. அதில் ஒருமுறை லடாக்கிற்குச் சென்றுவர வேண்டும் என்பது அவரது நிறைவேறாத ஆசை. “நீங்கள் இருவரும் ஒரே வண்டியில் போய்வாருங்கள்; எனக்கு வேறொன்றும் வேண்டாம்” என்றாள் தாய். அவள் சொல்லைத் தட்ட முடியாமல் இருவரும் புறப்பட்டனர்.

மணாலியிலிருந்து லே நகருக்குச் செல்லும் மலைச்சாலையில், ஏறத்தாழ 16,000 அடி உயரத்திலுள்ள பாராலாச்சா கணவாய்க்குச் சிறிது தொலைவு முன்பாக வண்டி திணறியது, கரும்புகை கக்கியது, நின்றது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குளிர்காற்று எலும்பைத் துளைத்தது.

“கண்ட இடத்தில் பெட்ரோல் போட்டாயே, அதன் பலன் இது” என்றார் அண்ணன்.

“மூன்று வருடம் வண்டியைக் கொட்டகையில் பூட்டி வைத்தது நீங்கள்தானே, அண்ணா?” என்றான் தம்பி.

பெட்ரோலில் தொடங்கிய பேச்சு கொட்டகைக்குச் சென்று, வீட்டுப் பங்கில் போய் முடிந்தது. இடையிடையே இருவரும் மாறி மாறி வண்டியை உதைத்தனர். ஒருமுறை கிக்கர் திருப்பி அடித்ததில் தம்பியின் கணுக்கால் வீங்கியது. எஞ்சின் மட்டும் உயிர்பெறவில்லை.

அவ்வழியே வந்த லாரி ஒன்று நின்றது. அதிலிருந்து முதியவர் ஒருவர் இறங்கினார். பல ஆண்டுகள் அச்சாலையில் வண்டிகளைப் பழுதுபார்த்தவர் அவர். ஓட்டுநர் அவரை ‘உஸ்தாத்’ என்று அழைத்தார்.

“முதலில் உதைப்பதை நிறுத்துங்கள். பத்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள்” என்றார் உஸ்தாத். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். விளக்குக் கரிபோல அதன் முனை கறுத்திருந்தது. எமரித் தாளால் அதைத் தேய்த்துத் துடைத்து, வயரில் மாட்டி, எஞ்சினின் உலோகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, அண்ணனை மெல்ல உதைக்கச் சொன்னார். அந்தி வெளிச்சத்தில் நீலப் பொறி ஒன்று பளிச்சிட்டது.

“மகனே, மின்சாரம் வராமல் இல்லை. கரி வழியாகக் கசிந்து வீணாகிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்” என்றார் அவர்.

தம்பி மகிழ்ந்து பிளக்கை மாட்டக் கை நீட்டினான். உஸ்தாத் தடுத்தார். “இப்படியே கிளம்பினால் கணவாய்க்கு முன்பே மறுபடியும் கரி பிடிக்கும். கரி எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டாமா?”

அவர் விளக்கினார். அம்பாலா ஆயிரம் அடிக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. இந்தக் கணவாயிலோ காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்றே அதிகம். காற்று இவ்வளவு மெலிந்த பின்னும் கார்புரேட்டர் சமவெளிக் கணக்கின்படியே பெட்ரோலை ஊட்டுகிறது. எரிய வழியில்லாத மிகுதி, கரியாகப் படிகிறது. போதாக்குறைக்கு ஏர் ஃபில்டர் முழுவதும் தூசி.

உஸ்தாத் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தார். கார்புரேட்டரின் ஊசியில் உள்ள சிறு கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்றினார். ஊசி சற்றே கீழிறங்கியது. பெட்ரோலின் அளவு குறைந்தது. பின்னர், அம்மீட்டரின் முள் நடுவில் வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்தி, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துச் சற்றே நகர்த்தி விட்டுவிட்டு, ஒரே ஒருமுறை உதைத்தார். வண்டி முழங்கியது.

விடைபெறும்போது அவர் சொன்னார்: “ஊருக்குத் திரும்பியதும் கிளிப்பைப் பழைய இடத்தில் வையுங்கள். மறந்தால், அங்கே பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறிக் கெட்டுவிடும்.”

கணவாயை அடைந்ததும் தம்பி வண்டியை நிறுத்தினான். “அண்ணா, பெட்ரோலும் காரணமில்லை, கொட்டகையும் காரணமில்லை” என்றான். அண்ணன் பதில் சொல்லவில்லை. தம் கையுறைகளைக் கழற்றி அவனிடம் கொடுத்தார். வீட்டுப் பங்கு அன்றே தீர்ந்துவிடவில்லை. ஆனால் அதைப் பற்றி அமைதியாகப் பேச முடியும் என்பது இருவருக்கும் அன்று தெரிந்தது.

மனத்தின் மூன்று குறைகள்

மனத்திற்கு மூன்று குறைகள் உண்டு என்று வேதாந்த ஆசிரியர்கள் கூறுவர்: மலம், விட்சேபம், ஆவரணம். மலம் என்பது ஆசை, வெறுப்பு, பொறாமை ஆகியவற்றால் படியும் அழுக்கு. விட்சேபம் என்பது அலைபாய்தல். ஆவரணம் என்பது உண்மையை மறைக்கும் அறியாமைத் திரை. மலத்தைத் தன்னலமற்ற செயலும், விட்சேபத்தை உபாசனையும், ஆவரணத்தை ஞானமும் நீக்குகின்றன.

பிளக்கில் படிந்த கரி மலம். காரணம் அறியாமல் மாறி மாறி உதைத்தது விட்சேபம். ‘வண்டி செத்துவிட்டது’ என்ற முடிவு ஆவரணம். உஸ்தாத் எஞ்சினுக்குள் புதிதாக எந்த ஆற்றலையும் வைக்கவில்லை. இருந்த ஆற்றல் வெளிப்படத் தடையாக இருந்ததை நீக்கினார். ஆன்மிக சாதனையும் இத்தகையதே. ஆன்மாவின் ஒளி நம் முயற்சியால் உண்டாவதன்று. அது என்றும் உள்ளது. அதை மறைப்பதை அகற்றுவதே சாதகனின் பணி.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கரியைத் துடைப்பதோடு பலர் நின்றுவிடுகின்றனர். ஒருநாள் உபவாசம், ஒரு தீர்த்த யாத்திரை, உள்ளம் உருகிக் கண்ணீர் விடும் ஒரு பிரார்த்தனை: இவற்றால் மனம் தெளிவது உண்மை; ஒரு கணம் நீலப் பொறியும் தெரியும். ஆனால் வீடு திரும்பியதும் பழைய பேச்சு, பழைய பழக்கம், பழைய மனக்கசப்பு. மறுவாரமே மீண்டும் கரி. ‘எவ்வளவு வழிபட்டும் பயனில்லை’ என்று அவர்கள் சோர்ந்து போகின்றனர். வழிபாட்டில் குறை இல்லை. உள்ளே செல்லும் கலவையை அவர்கள் மாற்றவில்லை. தினமும் கண்ணும் காதும் எதை உள்ளே ஏற்கின்றன, மனம் எதை அசைபோடுகிறது என்பதைக் கவனிக்காதவரை, துடைப்பதும் கரி படிவதும் மாறி மாறி நடந்துகொண்டே இருக்கும்.

உஸ்தாதின் இறுதிச் சொல்லும் சிந்திக்கத்தக்கது. மிகுதி கரியாகிறது; குறைவு எரித்துவிடுகிறது. உணவிலும் உறக்கத்திலும் செயலிலும் அளவோடு இருப்பவனுக்கே யோகம் கைகூடும் என்பது கீதையின் ஆறாம் அத்தியாயம் தரும் போதனை. அந்த அளவும் எல்லா நிலைகளுக்கும் ஒன்றல்ல. இளமையில் பொருந்தியது முதுமையில் பொருந்தாது. துறவிக்கு உரியது இல்லறத்தாருக்கு ஆகாது. தான் நிற்கும் உயரத்தை அறிந்து அளவை அமைத்துக்கொள்வதே விவேகம்.

ஆகவே, மனம் திணறி நிற்கும்போது பிறரைக் குறை கூறுவதையும் நம்மையே வதைத்துக்கொள்வதையும் விட்டுச் சிறிது நேரம் அமைதியாக அமர்வோம். கரியைத் துடைப்போம், அது வந்த வழியையும் தேடி அடைப்போம். உள்ளிருக்கும் பொறி நம் ஆராய்ச்சிக்காகப் பொறுமையோடு காத்திருக்கிறது.