இருட்டாத ஊரில் ஆறு மணி

நார்வேயின் மேற்குப் பகுதியில் ஜூன் மாத இரவு பத்து மணிக்கும் நல்ல வெளிச்சம் இருக்கும். கெய்ராங்கர் என்ற சிற்றூரில் நாங்கள் தங்கியிருந்த மரவீட்டின் வாசலில் நின்று, தண்ணீர்க் கரைவரை தனியாக நடந்துவிட்டு வரலாமா என்று யோசித்தேன். கண் தானாகக் கைக்கடிகாரத்துக்குப் போனது. பத்து பத்து. உள்ளே திரும்பிவிட்டேன்.

"பொழுது சாயறதுக்குள்ள வந்துரு" என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். பொழுதே சாயாத ஊரிலும் அந்தச் சொல் வேலை செய்தது. அப்படியானால் இத்தனை வருடங்களாக நான் பயந்தது எதற்கு?

அந்தப் பயணத்தில் கார் ஓட்டியவள் என் தோழி. யாழ்ப்பாணத்திலிருந்து சிறுமியாகப் போய், இப்போது ஓஸ்லோவில் செவிலியராக இருக்கிறாள். நான்கு நாள் பயணம். லார்டால் சுரங்கச்சாலை 24.5 கிலோமீட்டர்; ஓட்டுபவர் சலித்துப்போகாமல் இருக்க நடுவில் மூன்று இடங்களில் குகைபோல அகலமாக்கி நீல விளக்கு போட்டிருக்கிறார்கள். வெளியே வந்தால் சோக்னே ஃபியார்டு. பனியாறுகள் ஆயிரக்கணக்கான வருடங்கள் மலையை அறுத்து, உருகி விலகிய பள்ளத்தில் கடல் புகுந்து நிற்கிறது. அதன் ஆழம் 1,300 மீட்டருக்கும் மேல். பக்கத்திலிருந்த சிறு பனியாறுகளால் அவ்வளவு ஆழத்துக்கு அறுக்க முடியவில்லை. அவற்றின் பள்ளத்தாக்குகள் பாதி மலையிலேயே முடிந்துவிட, அங்கிருந்து தண்ணீர் அருவியாக விழுகிறது. வளைவுக்கு ஓர் அருவி என்று பார்த்துக்கொண்டே போனோம்.

கெய்ராங்கர் ஃபியார்டில் படகு ஏறினோம். ஒரு பக்கப் பாறையில் ஏழு அருவிகள் அடுத்தடுத்து விழுகின்றன. 'ஏழு சகோதரிகள்' என்று பெயர். எதிர்ப்பக்கம் ஒற்றை அருவி. அதன் பெயர் 'பெண் கேட்பவன்'. அவன் ஏழு பேரையும் ஒவ்வொருவராகக் கேட்டானாம். ஏழு பேரும் மாட்டேன் என்றார்களாம். மனம் உடைந்து குடிக்கத் தொடங்கினானாம். அருவியின் நடுவே ஒரு புட்டியின் வடிவம் தெரிகிறது, பாருங்கள் என்கிறார்கள். படகில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவு வந்தது: எங்கள் ஊர்ச் செய்திகளில், மாட்டேன் என்று கேட்டவன் கையில் எடுத்த புட்டியில் இருந்தது அமிலம்.

அந்தப் பாறைகளில் மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். தண்ணீருக்கு மேலே சுமார் 250 மீட்டர் உயரத்தில், ஒரு பாறைத் திட்டில் ஸ்காகெஃப்லோ என்ற பண்ணை. ஆடு மாடு வைத்துப் பிழைத்தவர்கள் 1916இல் அதைவிட்டு இறங்கிவிட்டார்கள். வீடுகள் இன்னும் நிற்கின்றன. இப்படிப்பட்ட பண்ணைகளில் குழந்தைகள் விளிம்பிலிருந்து விழுந்துவிடாமல் இருக்க இடுப்பில் கயிறு கட்டிவைப்பார்களாம்.

அந்தக் கயிறு என்னைவிட்டுப் போகவில்லை. கட்டிய தாயைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. புல் அறுக்க வேண்டும், பால் கறக்க வேண்டும், பிள்ளையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை கிடையாது. ஆனால் அதே கயிற்றைக் கையில் வைத்திருந்தவள் என்ற முறையில் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. காப்பதற்காக ஒருவரைக் கட்டலாமா?

பதினொரு வருடங்களுக்கு முன் நான் வேலைபார்த்த கல்லூரியில் மாணவியர் விடுதிக்குத் துணை வார்டனாக இருந்தேன். மாலை ஆறு மணிக்குக் கேட் பூட்டப்படும். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒருநாள் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தாள். பஸ் பழுதாகி நின்றுவிட்டது என்றாள். விதிப்படி அவள் அப்பாவுக்கு போன் செய்தோம். அவர் மூன்று மணிநேரப் பயணத்தில் வந்து சேரும்வரை அவள் கேட்டுக்கு வெளியே, வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இருட்டில். எந்த இருட்டிலிருந்து அவளைக் காப்பாற்றுவதாகச் சொன்னோமோ, அதே இருட்டில்தான் அவளை விட்டுப் பூட்டினோம். பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். அவர் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அவள் படிப்பு அத்துடன் நின்றது.

"ஏதாவது ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது?" என்று அன்று கேட்டேன். அந்தக் கேள்வியில் அவள் இல்லை, நான்தான் இருக்கிறேன். விதி காப்பாற்றியது வார்டனை.

பாறைமேல் கட்டிய கயிறும் விடுதிக் கேட்டும் ஒன்றா என்று அந்தச் சாலை முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். பள்ளத்துக்கு அறிவு கிடையாது. அதற்குச் சொல்லிக்கொடுக்க முடியாது, தண்டிக்கவும் முடியாது. அதனால் பிள்ளையைக் கட்டுகிறோம். பெண்ணை மட்டும் வீட்டுக்குள் வைக்கும்போது ஆணைப் பள்ளம் என்று ஏற்றுக்கொள்கிறோம். அவன் அப்படித்தான், நீதான் விளிம்புக்குப் போகக் கூடாது என்கிறோம். இது பெண்ணுக்கு மட்டும் அவமானமில்லை. அடுத்தது, பிள்ளைக்கு நடை பழகியதும் கயிறு அவிழ்ந்துவிடும். அதே நாட்டு மலைகளில் 'சேட்டர்' என்ற கோடைக்காலக் குடில்கள் உண்டு. ஊரிலிருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போய், கோடை முழுக்க அங்கேயே தங்கிப் பால் கறந்து, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் பலர் இளம்பெண்கள். குழந்தையாக இருந்தபோது கட்டிவைத்த சமூகம், வளர்ந்தவளை மலைக்கு அனுப்பியது. வேலைக்குத்தான் அனுப்பியது, விடுதலைக்கல்ல. ஆனாலும் அனுப்பியது. எங்கள் கயிறு பெண் வளர வளரக் குட்டையாகிறது.

இதையெல்லாம் தோழியிடம் சொன்னேன். கழுகுப் பாதை என்று அவர்கள் அழைக்கும் மலைச்சாலையின் பதினொரு வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தாள். கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் சொன்னாள்: "இஞ்ச எல்லாம் சரியெண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ அக்கா. வீட்டுக்குள்ள அடி வாங்கிற பொம்பிளையள் இஞ்சயும் இருக்கினம். வேலையில நான் பாக்கிறனான். ஆனா அவையள் ராத்திரியில ஓடிவந்தா திறக்கிறதுக்கு ஒரு கதவு இருக்கு."

அந்தக் கதவுக்கு ஒரு வரலாறு உண்டு. அடிபட்ட பெண்களுக்கான முதல் அடைக்கல இல்லத்தைப் பெண்ணியக்கத்தினர் 1978இல் ஓஸ்லோவில் திறந்தார்கள். 2010 முதல், அப்படி ஓர் அடைக்கலத்துக்கு வழிசெய்வது ஒவ்வொரு உள்ளாட்சியின் சட்டக் கடமை. எங்கள் விடுதியும் அதே 'பாதுகாப்பு' என்ற சொல்லைத்தான் பயன்படுத்தியது. தாமதமாக வந்தவளுக்கு எங்கள் கதவு மூடியது. 2015இல் டெல்லி மாணவிகள் 'பிஞ்ரா தோட்', கூண்டை உடை, என்று தெருவுக்கு வந்தபோது நான் அவர்களை ஆதரித்துக் கவிதை எழுதினேன். என் பதிவேட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

கடைசி இரவு பத்தரை மணிக்குக் கரைவரை நடந்தேன். சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. இரண்டு கிழவிகள் நாயோடு போனார்கள். தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பாதி வழியில் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்; அதை மறைக்க விரும்பவில்லை. திரும்பி வந்தபோது மணி பதினொன்றரை. தோழி கதவைப் பூட்டாமல் தூங்கிப்போயிருந்தாள். மேசைமேல் எனக்கு ஒரு தட்டு மூடிவைத்திருந்தது.

இப்போது வேறு கல்லூரியில் இருக்கிறேன். விடுதிக் குழுவில் ஒரே ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன். எத்தனை மணிக்கு வந்தாலும் முதலில் கேட்டைத் திறக்க வேண்டும், "சாப்பிட்டியா?" என்று கேட்க வேண்டும், மற்றதைக் காலையில் பேசிக்கொள்ளலாம். மூன்று கூட்டங்களாகத் தள்ளிவைத்துக்கொண்டே வருகிறார்கள். "ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது?" என்கிறார்கள். எனக்கு அந்தக் குரலை நன்றாகத் தெரியும். அது என் குரல்.